ஓருடலிற் பல கழலைகள்

ஜேர்மனி தேசத்தின் தென்மேற்குப் பகுதியிலே, கருங்காடு எனப் பெயர்பெற்ற மலைச்சாரலின் அடியில், பிரைபேர்க் என்னும் பழைய பல்கலைக்கழக நகரம் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே அந்நகர வைத்தியசாலைக்கு 18 வயது நிரம்பிய பெண்ணொருத்தி வந்து சேர்ந்தாள். திடீரென்று நெஞ்சு படபடக்கும், தலை இடிக்கும், காரணமறியாத பேரச்சம் பற்றிக்கொள்ளும், உடல் குளிர்ந்து வியர்த்து வாந்தியுண்டாகும். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பின்பு மீண்டும் வரும். வைத்தியர்கள் நாடியைப் பார்த்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள், சிறுநீரகத்தை ஐயுற்றார்கள். நோய் இன்னதென்று துணிவதற்கு முன்னரே அவள் உயிர் துறந்தாள்.

இறந்தபின் உடலைச் சோதித்தபோது, சிறுநீரகங்களின் மேல் முடிபோல அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகள் இரண்டிலும் கட்டிகள் இருக்கக் காணப்பட்டன. பெலிக்ஸ் பிராங்கெல் என்னும் இளம் வைத்தியர் இச்செய்தியை 1886 ஆம் ஆண்டிலே மருத்துவ ஏடொன்றில் எழுதி வெளியிட்டார். உயிரோடு இருந்தகாலத்தில் எவர் கண்ணுக்கும் புலப்படாது மறைந்திருந்த கட்டிகள் என்பதே அவர் கட்டுரையின் கருத்து. இரு பக்கத்துச் சுரப்பிகளிலும் ஒருங்கே கட்டி தோன்றியது ஏன்? அவ்வினாவுக்கு அவர்காலத்திலே விடையிருக்கவில்லை.

நேயர்களே, அந்த வினாவுக்கு முழு விடை கிடைக்க 100 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஒரே மனிதருடைய உடலிலே, ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் பல சுரப்பிகளில் ஒருங்கே கழலைகள் உண்டாகும் விந்தையான நோயின் வரலாறே இன்று நாம் பேசப் புகுந்த பொருள்.

முதலிலே அச்சுரப்பிகளின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். வாயிலே உமிழ்நீர் சுரக்கும் சுரப்பிக்கு அதனைக் கொண்டுசெல்லும் கான் ஒன்று உண்டு. வேறு சில சுரப்பிகளுக்கோ அத்தகைய வாய்க்கால் இல்லை. தாம் ஆக்கும் பொருளை அவை நேரே குருதியிற் கலந்துவிடுகின்றன. ஆகவே அவற்றைக் கானில் சுரப்பிகள் என்பர். மூளையின் அடியிலே ஒரு பயற்றங்கொட்டை போலத் தொங்குவது கபச்சுரப்பி. கழுத்தின் முன்பக்கத்தே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல இருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அதன் பின்புறத்தே அரிசிமணி போல ஒட்டிக் கிடப்பவை பராதைரொயிட்டுச் சுரப்பிகள். அவை பெரும்பாலார்க்கு நான்கு. வயிற்றின் பின்னே கிடக்கும் சதையியினுள்ளும் இத்தகைய கலங்கள் சிறுசிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அதிரீனற் சுரப்பியை முன்னரே குறிப்பிட்டோம்.

இவை குருதியிற் கலக்கும் பொருள்களுக்கு ஓமோன் என்று பெயர். இச்சொல்லை 1905 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் உடற்றொழிலறிஞர் ஸ்ராலிங் வழங்கினார். ஓமோன் மிக நுண்ணிய அளவிலே பெரிய காரியங்களைச் செய்வது. அது மிகுந்தாலும் குறைந்தாலும் உடலின் ஒழுங்கு கெடும். ஆதலினால் இச்சுரப்பிகளில் எழும் கட்டி ஒரு நெல்லிக்காயளவே ஆயினும், அது ஆக்கும் ஓமோனின் மிகுதியால் உடல் முழுவதையும் அலைக்கழிக்க வல்லது. அதிரீனற் சுரப்பியின் உட்பகுதி அதிரீனலின் என்னும் ஓமோனை ஆக்குகின்றது. பகைவனைக் கண்டவுடன் நெஞ்சு படபடப்பதும் குருதியமுக்கம் உயர்வதும் அதன் செயல். பிரைபேர்க்கிலே இறந்த பெண்ணுக்குப் பகைவன் எவனும் எதிர்ப்படவில்லை. அவளுடைய உடலினுள்ளே இருந்த கட்டிகள்தாம், புறத்தே ஒரு காரணமும் இன்றி, அந்த அச்சத்தின் ஓமோனை அலையலையாக அவிழ்த்துவிட்டன. ஆனால் அவள் இறந்த காலத்திலே அதிரீனலின் என்பதொன்று உண்டென்பதே உலகம் அறியாத செய்தி.

இரண்டாவது காட்சி வியன்னா மாநகரிலே நிகழ்கின்றது. ஆண்டு 1903. யாக்கோப் எர்ட்ஹைம் என்பவர் அங்கே பிணியியல் அறிஞர். இறந்தோர் உடலைச் சோதித்து நோயின் அடிச்சுவட்டைத் தேடுவது அவர் தொழில். கையும் காலும் முகவெலும்பும் அளவுக்கு மீறி வளர்ந்திருந்த ஒருவருடைய உடலை அவர் சோதித்தார். அப்பெருவளர்ச்சிக்குக் காரணமான கபச்சுரப்பிக் கட்டி மூளையின் அடியிலே இருந்தது, அஃது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது கழுத்திலே கிடைத்தது. பராதைரொயிட்டுச் சுரப்பிகளும் வீங்கிப் பருத்திருந்தன. தலையிலே ஒரு கழலை, கழுத்திலே வேறு கழலைகள். எர்ட்ஹைம் தாம் கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார்.

அடுத்த 50 ஆண்டுகளில் இத்தகைய குறிப்புக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருந்தன. மூளைச் சத்திரசிகிச்சையில் உலகப்புகழ் பெற்ற அமெரிக்கர் ஹார்வி குஷிங், டேவிடொவ் என்பாருடன் சேர்ந்து 1927 ஆம் ஆண்டிலே, பெருவளர்ச்சி நோயால் இறந்த நால்வருடைய பிரேதபரிசோதனை முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் ஒருவரிடம் கபச்சுரப்பியோடு பராதைரொயிட்டிலும் சதையியிலும் கட்டிகள் இருந்தன. 1939 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் உடன்பிறந்த சகோதரிகள் இருவரிடம் பல சுரப்பிகளின் நோயைக் கண்டு எழுதினர். 1953 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மேயோ வைத்தியநிலையத்தைச் சேர்ந்த அண்டர்டாலும் அவருடைய துணைவரும் தாம் கண்ட 8 நோயாளரைப் பற்றி எழுதி, பழைய ஏடுகளிலே புதைந்துகிடந்த 14 பேரின் வரலாறுகளையும் அவற்றோடு தொகுத்து வைத்தனர்.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் உண்மை ஏன் புலப்படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. அறிவு பெருகப்பெருக வைத்தியர்கள் உடலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தலைவலியென்று வந்தவர் ஒருவரிடம் போனார். சிறுநீரகக் கல்லென்று வந்தவர் இன்னொருவரிடம் போனார். குடற்புண் என்று வந்தவர் மூன்றாமவரிடம் போனார். மூவரும் தத்தம் துறையிலே வல்லவர்களே. எனினும் மூவரிடமும் போனவர் ஒரே மனிதர் என்பதை நினைப்பதற்கு ஒருவரும் இல்லை. கபச்சுரப்பிக் கட்டி கண்பார்வையைக் கெடுத்தது. பராதைரொயிட்டுக் கட்டி எலும்பிலிருந்த கல்சியத்தைக் குருதிக்கு ஈர்த்துச் சிறுநீரகத்திலே கல்லாக்கியது. சதையியின் கட்டி குடலைப் புண்ணாக்கியது. மூன்று நோய்களென்று எண்ணப்பட்டவை உண்மையில் ஒரே நோயின் மூன்று முகங்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் நியூயோர்க் நகரிலே பணியாற்றிய போல் வேர்மர் என்னும் வைத்தியர். ஒரு குடும்பத்திலே தந்தையும் அவருடைய பிள்ளைகளுள் நால்வரும் இந்நோயால் வருந்தியதை அவர் கண்டார். மற்றவர்கள் நோயாளரின் உடலைப் பார்த்தார்கள். வேர்மர் நோயாளரின் வீட்டைப் பார்த்தார். 1954 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கட்டுரை தெளிவான தீர்ப்பைக் கூறிற்று: இது தற்செயலாகக் கூடிய நோய்க்கூட்டம் அன்று, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் ஒற்றைப் பரம்பரையலகின் பிழை. பெற்றோருள் ஒருவரிடம் அப்பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரலாம், வராதுவிடலாம். இரண்டுக்கும் வாய்ப்புச் சமமே. ஆணென்றும் பெண்ணென்றும் அது பார்ப்பதில்லை.

மறு ஆண்டு, 1955 இலே, ஒகையோ மாநிலத்துச் சத்திரசிகிச்சையாளர் சொலிங்கரும் எலிசனும் வேறொரு வழியால் இதே வாசலுக்கு வந்து சேர்ந்தனர். எத்தனைமுறை அறுத்துச் சீர்செய்தாலும் மீண்டும் மீண்டும் குடற்புண் தோன்றிய நோயாளர் இருவரிடம், சதையியின் கட்டியே அதற்கு மூலம் என்று அவர்கள் கூறினர். அக்கட்டி ஆக்கும் காஸ்திரின் என்னும் ஓமோன் இரைப்பையை ஓயாது அமிலம் சுரக்கச் செய்கின்றது என்பது பின்னர் உறுதியாயிற்று. இந்நோயுடையாருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேர்மர் கூறிய குடும்பநோயை உடையவர் என்பதும் காலப்போக்கிலே தெரியவந்தது.

நேயர்களே, இதுவரை கூறியது கபச்சுரப்பி, பராதைரொயிட்டு, சதையி ஆகிய மூன்றையும் பற்றும் நோய். பிரைபேர்க் பெண்ணின் அதிரீனற் கட்டி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அதன் கதை வேறு பாதையிலே நடந்தது. அத்தகைய கட்டிக்கு 1912 ஆம் ஆண்டிலே பேர்லின் அறிஞர் லூட்விக் பிக் பியோக்குரோமோசைற்றோமா என்று பெயரிட்டார். குரோமிய உப்புக்கள் பட்டவுடன் கருநிறங்கொள்ளும் கலங்களால் ஆகிய கட்டி என்பது அப்பெயரின் பொருள். 1926 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தில் சேசர் ரூ என்பவரும் அமெரிக்காவிலே சார்ள்ஸ் மேயோ என்பவரும் இக்கட்டியை வெட்டியெடுத்து நோயாளரைப் பிழைப்பித்தனர். அன்றுமுதல் இது வெல்லக்கூடிய நோயாயிற்று. எனினும் அதற்கும் உடலின் பிற சுரப்பிகளுக்கும் உறவுண்டு என்பது இன்னும் வெளிப்படவில்லை.

அவ்வுறவை வெளிப்படுத்தியவர் நியூயோர்க் மாநிலத்துச் சிராக்கியூஸ் நகரிலே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஜோன் சிப்பிள் என்னும் இளம் வைத்தியர். உயர் குருதியமுக்கம் கொண்ட 33 வயதினர் ஒருவர் மூளையிலே குருதி பெருகி இறந்தார். பிரேதபரிசோதனையிலே இரண்டு அதிரீனற் சுரப்பிகளிலும் கட்டிகள் காணப்பட்டன. அத்துடன் தைரொயிட்டுச் சுரப்பியிலே புற்றுநோய் இருந்தது, பராதைரொயிட்டும் பருத்திருந்தது. அபூர்வமான நோய்கள் இரண்டு ஓருடலிலே கூடின. ஊழ்வினை என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளரைப் பார்க்கப் போயிருக்கலாம். சிப்பிள் நூலகத்துக்குப் போனார். அதிரீனற் கட்டியைப் பற்றி அதுவரை வெளிவந்த 500க்கு மேற்பட்ட நோயாளரின் வரலாறுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர்களுள் மேலும் ஐவர்க்குத் தைரொயிட்டுப் புற்றுநோய் இருந்ததைக் கண்டுபிடித்தார். அறுவர் என்பது சிறிய தொகைபோலத் தோன்றும். ஆனால் தைரொயிட்டுப் புற்று அக்காலத்திலே எவ்வளவு அரிது என்பதை வைத்துக் கணக்கிட்டபோது, தற்செயலாக எதிர்பார்க்கத்தக்கதினும் அது பன்மடங்கு அதிகம். 1961 ஆம் ஆண்டிலே அவருடைய கட்டுரை வெளியாயிற்று. அவர் புதிய கருவி எதையும் ஆக்கவில்லை. புதிய மருந்தெதையும் காணவில்லை. பிறர் எழுதி மறந்தவற்றைப் பொறுமையோடு எண்ணினார், அவ்வளவே.

சிப்பிள் தொட்டுக்காட்டிய புற்றுநோய் எவ்வகையினது? 1959 ஆம் ஆண்டிலே கிளீவ்லாந்து நகரத்து அறிஞர் ஹசார்ட்டும் அவருடைய துணைவரும் தைரொயிட்டிலே தோன்றும் மெடுலரி என்னும் தனிவகைப் புற்றைப் பிரித்துக் காட்டியிருந்தனர். சிப்பிள் கண்டது இவ்வகைப் புற்றே என்பதையும், அது தைரொயிட்டின் வழக்கமான கலங்களிலிருந்து பிறப்பதன்று, அவற்றிடையே ஒதுங்கிக் கிடக்கும் வேறுவகைக் கலங்களிலிருந்து பிறப்பது என்பதையும் பிரித்தானிய அறிஞர் வில்லியம்ஸ் 1965, 1966 ஆம் ஆண்டுகளிலே விளக்கினார். அக்காலத்திலேயே கனடாவின் வன்கூவர் நகரிலே ஹரல்ட் கொப் என்பவர் குருதியின் கல்சியத்தைக் குறைக்கும் புதிய ஓமோன் ஒன்றைக் கண்டு அதற்குக் கல்சிற்றோனின் என்று பெயரிட்டிருந்தார். அந்த ஓமோனை ஆக்குபவை இந்த ஒதுங்கிய கலங்களே என்பது விரைவிலே தெளிவாயிற்று.

இலண்டனிலே பியேர்ஸ் என்னும் அறிஞர் ஒருபடி மேலே சென்றார். உடலெங்கும் சிதறிக்கிடக்கும் இத்தகைய கலங்கள் இரசாயன இயல்பிலே ஒன்றையொன்று ஒத்திருப்பதை அவர் கண்டார். அவை நரம்புக்கலத்தின் இயல்பையும் சுரப்பியின் இயல்பையும் ஒருங்கே உடையவை. கருவிலே நரம்புத் தொகுதி உருவாகும் பகுதியிலிருந்தே இவையெல்லாம் புறப்பட்டுப் பல உறுப்புக்களிலே குடியேறின என்பது அவர் கொள்கை. சதையிக்கும் குடலுக்கும் அக்கொள்கை பொருந்தாது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. ஆயினும் நரம்பியல்பும் சுரப்பியல்பும் கலந்த ஒரு கலவகை உண்டென்ற கருத்து நிலைத்துவிட்டது. இக்கழலைகள் இன்றும் நரம்பு அகஞ்சுரப்புக் கழலைகள் என்றே வழங்கப்படுகின்றன. சில வேளைகளில் கொள்கை தவறியும் அது எழுப்பிய வினா வாழ்கின்றது.

1968 ஆம் ஆண்டிலே ஸ்டைனரும் அவருடைய துணைவரும் இரு நோய்க்கூட்டங்களுக்கும் பொதுப்பெயர் அளித்துப் பிரித்தனர். வேர்மர் கண்டது முதலாம் வகை. சிப்பிள் கண்டது இரண்டாம் வகை. எர்ட்ஹைமின் வியன்னா நோயாளர் முதலாவதின் வாசலிலே நின்றார். பிரைபேர்க் பெண் எங்கே நின்றாள் என்பதை இறுதியிலே கூறுவோம்.

பெயரிடுவதால் மட்டும் ஒருவரும் பிழைப்பதில்லை. வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி இனிமேல்தான் வருகின்றது. மெடுலரிப் புற்று கல்சிற்றோனினை ஆக்குவது என்றால், குருதியிலே அதன் அளவைப் பார்த்து நோயை அறியலாம் அல்லவா? பொஸ்டன் நகரத்து வைத்தியர்கள் அதனைச் செய்தனர். நோய்கொண்ட ஒருவருடைய உறவினர்களை, உடலிலே யாதொரு குறையும் உணராதவர்களை, அழைத்துச் சோதித்தனர். கழுத்திலே தடவினாலும் கைக்கு அகப்படாத நுண்ணிய புற்று அவர்களுட் சிலரிடம் இருப்பது தெரிந்தது. 1971 ஆம் ஆண்டிலே மெல்வினும் துணைவரும் வெளியிட்ட இம்முடிவு வைத்தியத்தின் போக்கையே மாற்றியது. அதுவரை நோயாளர் வைத்தியரைத் தேடி வந்தார். இப்பொழுது வைத்தியர், நோய் வருமுன்னர், அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார்.

எனினும் இச்சோதனைக்கு ஒரு குறையுண்டு. கலங்கள் கெடத் தொடங்கிய பின்னரே கல்சிற்றோனின் உயரும். ஆகவே இவ்வாண்டு குற்றமில்லை என்று கூறப்பட்ட பிள்ளை அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வந்து கைநீட்ட வேண்டும். நோயே இல்லாத பிள்ளையும் தனக்கு நோயுண்டோ என்னும் அச்சத்தோடு வளர வேண்டும்.

அவ்விருளையும் நீக்கியது பரம்பரையலகு ஆராய்ச்சி. 1987 ஆம் ஆண்டிலே இரண்டாம் வகையின் பிழை பத்தாம் நிறமூர்த்தத்திலே இருப்பதாகவும், 1988 ஆம் ஆண்டிலே முதலாம் வகையின் பிழை பதினோராம் நிறமூர்த்தத்திலே இருப்பதாகவும் கண்டனர். 1993 ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இயங்கிய இரு குழுவினர் இரண்டாம் வகைக்குக் காரணமான பரம்பரையலகை இனங்கண்டனர். அது புதியதொன்றன்று, ஜப்பானிய அறிஞர் தகஹாஷி 1985 ஆம் ஆண்டிலேயே வேறு ஆராய்ச்சியின்போது கண்டறிந்து றெற் என்று பெயரிட்டிருந்ததே அது. முதலாம் வகைக்குரிய பரம்பரையலகு 1997 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் கண்டெடுக்கப்பட்டது.

இவ்விரு பரம்பரையலகுகளின் போக்கும் வெவ்வேறு. றெற் என்பது கலத்தை வளரும்படி ஏவும் அழைப்புமணி போன்றது. விரல் எடுத்தபின்னும் நிற்காது ஒலிக்கும் மணிபோல, பிழைபட்ட றெற் கலத்தை ஓயாது ஏவிக்கொண்டிருக்கும். முதலாம் வகைக்குரியதோ வண்டியின் தடைக்கட்டை போன்றது. ஒவ்வொரு கலத்திலும் அத்தகைய தடைகள் இரண்டு உண்டு. ஒன்று தந்தை தந்தது, மற்றையது தாய் தந்தது. ஒன்று பிறவியிலேயே உடைந்திருந்தாலும் மற்றையது வண்டியைத் தாங்கி நிற்கும். யாதேனும் ஒரு கலத்திலே அதுவும் உடைந்தால் அங்கே கழலை எழும். உடலின் எல்லாக் கலங்களிலும் முதற்றடை உடைந்தே இருப்பதால், இன்று கழுத்திலும் நாளை சதையியிலும் கழலை தோன்றுவதில் வியப்பில்லை. ஓருடலிற் பல கழலைகள் ஏன் என்ற வினாவுக்கு விடை இதுவே.

இந்த அறிவினால் நேர்ந்த பயன் யாது? 1994 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரத்துச் சத்திரசிகிச்சையாளர் வெல்சும் அவருடைய துணைவரும், நோய்க்குடும்பத்துப் பிள்ளைகளின் குருதியிலே றெற் பிழையைச் சோதித்து, பிழையுடையோர்க்குப் புற்று வருமுன்னரே தைரொயிட்டுச் சுரப்பியை அகற்றியதை வெளியிட்டனர். பின்னர், 2005 ஆம் ஆண்டிலே, அவ்வாறு சிகிச்சைபெற்ற இளையோர் 50 பேரின் நிலை ஆராயப்பட்டது. ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் கழிந்தபின் 44 பேரிடம் நோயின் அடையாளமே இல்லை. இன்று, பிழையின் கடுமையைப் பொறுத்து, சிலருக்கு முதலாம் வயதினுள்ளும், சிலருக்கு ஐந்தாம் வயதளவிலும், ஏனையோர்க்குச் சற்றுத் தாமதித்தும் இச்சிகிச்சை செய்யப்படுகின்றது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் தைரொயிட்டு ஓமோனை மாத்திரையாக உட்கொள்ள வேண்டும். கத்தியை எடுக்குமுன் அதிரீனற் கட்டி உண்டோ என்று பார்ப்பதும் இன்றியமையாதது. அக்கட்டி மறைந்திருக்க மயக்கமருந்து கொடுத்தால் குருதியமுக்கம் பொங்கியெழுந்து சத்திரசிகிச்சை மேசையிலேயே உயிர் போகலாம்.

இது இலகுவான முடிவு என்று ஒருவரும் எண்ணிவிட வேண்டாம். முற்றத்திலே ஓடி விளையாடும் பிள்ளை; உடம்பிலே ஒரு நோவும் இல்லை. அதனைச் சத்திரசிகிச்சைக்குக் கொடுங்கள் என்று வைத்தியர் சொல்லும்போது தாயின் மனம் என்ன பாடுபடும்! அந்தப் பிழையைத் தன் பிள்ளைக்குக் கொடுத்தது தான் என்று அறியும் தந்தையின் உள்ளம் எவ்வாறு துடிக்கும்! விரும்பிக் கொடுத்ததன்று, அறிந்தும் கொடுத்ததன்று என்று ஆறுதல் கூறுவதும் வைத்தியரின் கடமையுள் அடங்கும். மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். பிழை இறங்காத பிள்ளைக்கு அந்த ஒரே சோதனை விடுதலைப் பத்திரம் போன்றது. அப்பிள்ளை இனி ஆண்டுதோறும் கைநீட்ட வேண்டியதில்லை. அதன் வழிவரும் மக்களும் இந்த அச்சத்தை அறியமாட்டார்கள்.

முதலாம் வகைக்கு இத்தகைய ஒரே தீர்வு இல்லை. கபச்சுரப்பியையும் சதையியையும் முன்கூட்டியே அகற்றிவிட முடியாது. குருதியைச் சோதித்தும் படம்பிடித்துப் பார்த்தும், எழும் கழலையை இளமையிலேயே அடக்குவதே வழி. ஆண்டுதோறும் விழித்திருக்கும் அந்தக் காவலினாலே பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர்.

இந்நோய்கள் அரியவை, ஒவ்வொரு வகையும் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவர்க்கு வருவது என்று கணிப்பர். கழுத்திலே கட்டி கண்ட ஒவ்வொருவரும், நெஞ்சு படபடத்த ஒவ்வொருவரும் இதுதான் என்று கலங்க வேண்டியதில்லை. தனியாகத் தோன்றும் கழலைகளே மிகப் பெரும்பாலன.

இனிப் பிரைபேர்க் நகருக்குத் திரும்புவோம். அந்நகரத்து வைத்திய ஆராய்ச்சியாளர் நொய்மனும் அவருடைய துணைவரும் 1886 ஆம் ஆண்டின் பழங்கட்டுரையை மீண்டும் எடுத்துப் படித்தனர். இறந்த பெண்ணின் குடும்பத்தைத் தேடினர். 120 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அக்குடும்பத்தின் கிளை அற்றுப்போகவில்லை. உயிரோடிருந்த உறவினர் நால்வரின் குருதியிலே றெற் பரம்பரையலகின் பிழை காணப்பட்டது. 2007 ஆம் ஆண்டிலே அம்முடிவு வெளியாயிற்று. ஆகவே பிராங்கெல் எழுதிய அந்த 18 வயதுப் பெண் பெரும்பாலும் இரண்டாம் வகை நோயையே உடையவளாயிருந்தாள். இரு பக்கத்திலும் கட்டிகள் எழுந்தது ஏன் என்ற வினாவுக்கு அவளுடைய குடும்பத்தின் குருதியே விடையளித்தது.

அவளுக்கு அந்த விடை உதவவில்லை. ஆனால் அவளுடைய குலத்திலே பிழையோடு பிறப்பவர்கள் இனி அவளைப்போல இளமையிலே, காரணம் அறியாது, அச்சத்தில் நடுங்கி இறக்க வேண்டியதில்லை. சிறந்த நுண்ணோக்கிகளும் இரசாயனச் சாலைகளும் இவ்வெற்றிக்கு உதவின என்பது மெய்யே. எனினும் அடிப்படையாக நின்றவை எளிய வினாக்கள் இரண்டு. இவருடைய உடலிலே வேறெங்கும் நோயுண்டோ என்பது ஒன்று. இவருடைய வீட்டிலே வேறெவர்க்கும் இந்நோயுண்டோ என்பது மற்றையது. எர்ட்ஹைமும் சிப்பிளும் முதலாவதைக் கேட்டார்கள். வேர்மர் இரண்டாவதைக் கேட்டார்.

நேயர்களே, அவ்விரண்டாவது வினாவுக்கு விடை எந்த வைத்தியரிடமும் இல்லை. அது நம் வீட்டு முதியோரிடமே இருக்கின்றது. பாட்டனார் என்ன நோயால் இறந்தார், இளவயதிலே மறைந்த பெரியதாய்க்கு என்ன வந்தது என்பவற்றை அவர்கள் வாழும்போதே கேட்டு அறிந்து வைத்திருப்போமாக. வைத்தியர் வினாவும்போது நாம் கூறும் அந்த ஒரு வார்த்தை, நம் வீட்டிலே இனிப் பிறக்கும் ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கலாம்.